டிகிரி அக்கா

வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறக்கும் முன்பே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். உள்ளே நான்கு வெப்பமானிகள். குனிந்து, கண்ணை அவற்றின் மட்டத்துக்குக் கொண்டுபோய், புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை முதலில் பார்ப்பாள். முழு எண் அப்புறம்தான். தாமதித்தால் ஆளின் உடம்புச் சூடே அளவை ஏற்றிவிடும், மூச்சுப் பட்டால் கேட்கவே வேண்டாம். கதவைச் சாத்தி, இரண்டடி தள்ளிப் போய்த்தான் மூச்சை விடுவாள். குளிர்காலக் காலைகளில் அது வெள்ளையாகப் புகைந்து போகும். வேலிக்கு அந்தப் பக்கம் சைக்கிளில் போன பால்காரர் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு, "அக்கா பெட்டிக்குள்ள தலைய விட்டு சிகரெட் குடிக்குது" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு அடங்க மூன்று மாதம் ஆயிற்று.

ஊரில் அவளுக்கு டிகிரி அக்கா என்று பெயர். புதிதாகக் குடிவந்த ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, நாலைந்து பட்டம் வாங்கியவள் போலிருக்கிறது என்று நம்பி, மகளின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி வந்து நின்றார். அவள் படித்ததோ பள்ளி இறுதி வரைக்கும், அதற்கு மேல் ஆறு மாதப் பயிற்சி. வயது ஐம்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்பவர்களிடம், "அளவு எடுக்கவே நேரம் சரியா இருந்துச்சு" என்பாள்.

இருபத்தாறு வருஷமாக வானிலை நிலையத்தில் அளவு எடுக்கிறாள். நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கம்பி வேலி போட்ட ஒரு புல் சதுரம், ஒற்றை அறை அலுவலகம், அதை ஒட்டி அவள் தங்கியிருக்கும் இரண்டு அறை. மழையளக்கும் உருளை ஒரு மூலையில். இன்னொரு மூலையில் ஒரு கண்ணாடி உருண்டை. வெயில் அதன் வழியாக இறங்கி, பின்னாலிருக்கும் அட்டையில் பழுப்பாகக் கோடு பொசுக்கும். கோட்டின் நீளம்தான் அன்றைய வெயில். எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் அவள் வேலை முடிந்தது. நாளைக்கு எப்படி இருக்கும் என்று சொல்கிறவர்கள் அங்கே, ஏழு மாடிக் கட்டடத்தில் இருக்கிறார்கள்.

"நான் அளக்குறவ. சொல்றவங்க வேற" என்பது அவள் வழக்கமாகச் சொல்வது. யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. மாடிக்குக் கான்கிரீட் போடப்போகிற மேஸ்திரி வந்து கேட்பார். நாற்பது போர்வையைத் துவைத்து வைத்துக்கொண்டு சலவைக்காரம்மா கேட்பார். தான் அளக்கிறவள் மட்டும்தான் என்று சொல்லிவிட்டு, புறங்கையால் பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பாள். "கழுத்துல காத்து படுது. மத்தியானம் வரைக்கும் தாங்கும். காயப் போட்டுக்கோங்க." பெரும்பாலும் பலிக்கும். பலித்த நாளில் சலவைக்காரம்மா வேலியோரம் நின்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். அன்று முழுக்க இவளுக்குக் கால் தரையில் பாவாது.

குளிர்காலம் வசந்தத்துக்கு வழிவிடும் அந்த ஐந்தாறு வாரத்தை மட்டும் அவளுக்குப் பிடிக்காது. ரெண்டுங்கெட்டான் காலம் என்பாள். விடியும்போது மூடுபனி கூரை வரைக்கும் இறங்கியிருக்கும். பேருந்துக்கு நிற்பவர்கள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் குரலை வைத்து அடையாளம் கண்டுகொள்வார்கள். பதினோரு மணிக்கு ஸ்வெட்டர் தோளில் கிடக்கும். மூன்று மணி வெயிலில் சுவரெல்லாம் மெத்தை காயும். பொழுது சாய்ந்ததும் மறுபடியும் குளிரில் பல் கிட்டித்துக்கொள்ளும். மனிதர்கள் இருமிக்கொண்டாவது சமாளித்துவிடுவார்கள். மரங்கள்தான் ஏமாந்துபோகும். சேர்ந்தாற்போல் நாலு மத்தியானம் சுட்டால் போதும், காலம் வந்துவிட்டது என்று நம்பிப் பூத்துவிடும். "மனுஷன்னா கழட்டுன சட்டைய திரும்பப் போட்டுக்கலாம். பூவுக்குத் திரும்ப மூடத் தெரியாது" என்பாள்.

அவளுடைய தம்பி பேரிக்காய்த் தோட்டம் வைத்திருந்தான். ஒன்பது வயது இளையவன்; அம்மா போன பிறகு இவள்தான் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள். ஊருக்கு வெளியே முந்நூறு மரத்தைக் குத்தகைக்கு எடுத்து, கிளை கழிப்பதிலிருந்து பெட்டி அடுக்குவது வரைக்கும் அவனும் மனைவியுமாகவே பார்த்தார்கள். பூத்திருக்கும்போது உறைபனி விழுந்தால் அந்த வருஷத்துக் காய் அதோடு போயிற்று. தப்பிக்க ஒரே ஒரு வழி உண்டு. பனி இறங்குவதற்கு முன்பே தெளிப்பானைத் திறந்து, வெயில் ஏறும் வரை மரங்களின்மேல் விடாமல் நீரைத் தெளிக்க வேண்டும். நீர் பூவைச் சுற்றிக் கண்ணாடிபோல் உறையும். உறையும்போது அது விடுகிற சூட்டில் உள்ளே பூ பிழைத்துக்கொள்ளும். ஆனால் தம்பியின் குட்டையில் அப்படி மூன்று இரவுக்குத்தான் தண்ணீர் இருந்தது.

போன வருஷம் பூ பன்னிரண்டு நாள் முந்திவிட்டது. பனி விழும் என்று தலைமை அலுவலகம் எச்சரித்தது. அவளும் ஆமாம் என்றாள். தம்பியும் மனைவியும் விடிய விடிய நின்று தண்ணீர் அடித்தார்கள். விழவில்லை. மறுநாளும் அப்படியே. அன்றும் விழவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஃபோனில் வந்தான். குரல் கட்டியிருந்தது.

"இன்னும் ஒரு ராத்திரிக்குத்தான்க்கா தண்ணி இருக்கு. இன்னிக்குப் போடவா, வைக்கவா?"

அவள் வெளியே வந்து பார்த்தாள். மேற்கிலிருந்து மேகம் கனமாக வந்து வானத்தை மூடிக்கொண்டிருந்தது. மேகம் மூடினால் தரையின் சூடு தப்பாது, பனி விழாது. பின்கழுத்தில் காற்றும் பட்டது; காற்று அடித்தாலும் பனி கட்டாது. தலைமை அலுவலகத்து அறிக்கையும் மேகமூட்டம் என்றே சொன்னது. நான் அளக்கிறவள் என்று அவனிடமும் சொல்லியிருக்கலாம். இரண்டு ராத்திரி தூங்காத தம்பியின் குரல் காதில் இருந்தது.

"தண்ணிய வச்சுக்க. மேகம் நல்லா மூடியிருக்கு. போய்த் தூங்குடா" என்றாள்.

விடிகாலை வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து கதவைத் திறந்தவளுக்குச் செருப்புக்கடியில் புல் நொறுங்கும் சத்தம் கேட்டது. காற்று செத்திருந்தது. வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது, ஒரு மேகம் இல்லை. பெட்டியைத் திறக்காமலே தெரிந்துவிட்டது. ஆனாலும் திறந்தாள், பார்த்தாள், எழுதினாள். மைனஸ் மூன்று புள்ளி ஆறு. அந்தப் பக்கத்தை இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் எழுத்து கொஞ்சம்கூடக் கோணியிருக்காது. அதற்கப்புறம்தான் தம்பியைக் கூப்பிட்டாள். ஃபோனில் முதலில் மோட்டார் ஓடும் சத்தம்தான் கேட்டது.

"இனி போட்டுப் பிரயோசனம் இல்லைன்னு தெரியும்க்கா" என்றான். "ஆனாலும் போட்டுட்டேன்."

ஒன்பது மணிக்கு அவள் தோட்டத்துக்குப் போனபோது மரங்கள் வெள்ளை வெளேர் என்று நின்றன. எதுவுமே நடக்காததுபோல் இருந்தது. ஒரு கணம் அவள் நம்பிக்கூட விட்டாள். தம்பி மனைவி ஒரு பூவைப் பறித்து நகத்தால் பிளந்து காட்டினாள். நடுவில், காயாக வேண்டிய இடத்தில், கறுப்பாக ஒரு புள்ளி. இன்னொன்றைப் பிளந்தாள். வேறு கிளையிலிருந்து ஒன்று, அடுத்த மரத்திலிருந்து ஒன்று. எல்லாவற்றிலும் அந்தக் கறுப்பு இருந்தது. பிறகு கையை உதறிவிட்டுக் கேட்டாள்:

"அண்ணி, உங்களுக்கு மாசமானா சம்பளம் வந்துடும்ல?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். வந்துவிடும் என்று இவளும் தலையசைத்தாள்.

தம்பி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீ என்ன பண்ணுவ, மேகம் போயிடுச்சு" என்றதோடு சரி. ஒரு நாள் நன்றாகத் திட்டித் தீர்த்திருந்தால் அன்றைக்காவது இவள் தூங்கியிருப்பாள். காய் இல்லாத வருஷத்தோடு குத்தகையும் போனது. நிலத்துக்காரர் மரங்களை வெட்டி லாரி நிறுத்தும் இடமாக்கிவிட்டார். தம்பி ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான், எங்கிருந்தோ வரும் பழப் பெட்டிகளை அடுக்குகிற வேலை. கோடையிலும் பஞ்சு வைத்துத் தைத்த கோட்டுப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். "வெளியில என்ன காலம்னே தெரியறதில்லக்கா. உள்ள எப்பவும் ரெண்டு டிகிரிதான்" என்று ஒரு நாள் சொல்லிச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று இரவு நடந்ததை அவள் விடவில்லை. மேகம் மூன்றிலிருந்து நாலு மணிக்குள் கலைந்திருக்கிறது, காற்று அதோடு நின்றிருக்கிறது. இதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. அதற்கப்புறம் அலமாரியிலிருந்த பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். சாயங்காலம் மேகம் மூடி, காற்றும் அடித்து, விடியும்போது உறைபனி விழுந்த நாள் முன்னால் எப்போதாவது உண்டா என்று தேடினாள். இருபத்தாறு வருஷத்தில் நாலு நாள் இருந்தது. வேறு யாரும் எழுதியதல்ல. "நாலு தடவை. எல்லாம் என் கையெழுத்து" என்று மேஸ்திரியிடம் சொன்னாளாம். நாலு தடவைதானே என்று அவர் ஆறுதல் சொல்லும்போதே அவள் பதிவேடுகளைத் திரும்ப அலமாரியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாளாம்.

இந்த வருஷமும் அந்த ஐந்தாறு வாரம் வந்துவிட்டது. காலையில் மூடுபனி, மத்தியானம் சுடுகிற வெயில், சுவரில் மெத்தை. மிச்சமிருக்கிற தோட்டக்காரர்கள் ஃபோன் செய்கிறார்கள். "ஆறு மணிக்கு ஏழு புள்ளி நாலு. எனக்கு அவ்வளவுதான் தெரியும்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். சலவைக்காரம்மா இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். மூன்றாவது தடவை வேலிப் பக்கம் திரும்பாமலே போனார். அக்காவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேச்சு. வானத்தை அண்ணாந்து பார்ப்பதையும் விட்டுவிட்டாள். மேகத்தின் அளவைப் பதிவேட்டில் எழுத வேண்டியிருப்பதால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மட்டும் பார்க்கிறாள். எழுதி முடித்ததும் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

போன வாரம் ஒரு மத்தியானம் தம்பி ஸ்கூட்டரில் வந்தான். கிடங்கில் போடுகிற கோட்டைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தான். அலுவலகப் படியில் உட்கார்ந்து, டீயை ஆற விட்டுவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னான். மனைவியின் அண்ணன் வேறு ஊரில் அவனுக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறார். வீட்டைக் காலி செய்தாயிற்று. நாளைக் காலையில் வண்டி வருகிறது. மனைவியால் வர முடியவில்லை, சாமான் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்றான். அவள் கேட்காமலே இதை இரண்டு தடவை சொன்னான். எவ்வளவு தூரம் என்று அவள் கேட்டாள். ஒரு ராத்திரிப் பயணம் என்றான். அடிக்கடி வருவேன் என்று அவனும் சொல்லவில்லை, வா என்று அவளும் சொல்லவில்லை.

ஸ்கூட்டரை எடுத்தவன் ஒரு காலைத் தரையில் ஊன்றி வானத்தைப் பார்த்தான். பழக்கம்தான்.

"நாளைக்கு எப்படிக்கா இருக்கும்? திறந்த வண்டி. மெத்தையெல்லாம் மேலதான் போகுது."

வானம் நீலமாகக் காய்ந்து கிடந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. அறிக்கையிலும் வறண்ட வானிலை என்றுதான் போட்டிருந்தது. மழை வராது என்று தெருவில் போகிற யாரும் சொல்லிவிடலாம். அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, அலுவலகத்தின் பின்பக்கம் போனாள். அங்கே ஜெனரேட்டரை மூடியிருந்த தார்ப்பாயின் மேல் வைத்த செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். பாயை உருவி, சருகை உதறி, நெஞ்சோடு அணைத்து நாலாக மடித்துக் கொண்டுவந்தாள். ஸ்கூட்டரின் பின்சீட்டில் வைத்துக் கயிறு சுற்றிக் கட்டினாள். கட்டிய முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். அது இறுகித்தான் இருந்தது. அதை அவிழ்த்து, மறுபடியும் கட்ட ஆரம்பித்தாள்.