ஊசிக்கு என்ன பத்தியம்

வீராணத்துத் தண்ணீர் சென்னைக்குப் போக ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் டாக்டராக இருந்தேன். கட்டியில் ஊசி செருகி, ஒரு சொட்டு உறிஞ்சி, கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்து இன்ன நோய் என்று சொல்வது என் வேலை.

காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து நடவுக்குப் போகிற ஓர் அக்கா வந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் அந்த இடம் கரையான் அரித்த மாதிரி தெரிந்தது. எலும்புக் கட்டி என்று நான் எழுதிவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். ஊசியில் பழுப்பாக ரத்தம் வந்தது. அக்காவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன்.

மத்தியானம். ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும். மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் எனக்கு ஊர், பேர், பசி எல்லாம் மறந்துபோகும். ஊதா வெளியில் பெரிய பெரிய செல்கள் மிதந்தன, ஒவ்வொன்றுக்குள்ளும் இருபது முப்பது கருக்கள். அழகாக இருந்தன, அதுதான் கொடுமை. அவற்றோடு நானும் மிதந்தபடியே ‘எலும்புக் கட்டி’ என்று பென்சிலால் எழுதினேன்.

கதவோரம் அக்கா வந்து நின்றார்.

“ஊசி போட்டுட்டீங்க. இனிமே என்ன பத்தியம் டாக்டரம்மா?”

கனவு கலைந்த எரிச்சல் எனக்கு. “மருந்தே போடலியே. எடுக்கத்தான் செஞ்சேன். இதுக்கு ஏது பத்தியம்?”

“அப்ப வாழத்தண்டு சாறு குடிக்கலாமா? ரெண்டு வருசமா கல்லடைப்பு. அத வுட்டா வலி ஜாஸ்தியாவுது.”

பென்சிலைக் கீழே வைத்தேன். சிறுநீரகத்தில் கல், எலும்பில் ஓட்டை. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பொடிசாக ஒளிந்திருக்கும் பாராதைராய்டு சுரப்பி கெட்டுப்போனால், எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் விட்டுவிடும்; அது சிறுநீரகத்தில் கல்லாகப் படியும். அப்போதும் எலும்பில் இதே செல்கள்தான் வரும். கண்ணாடித் துண்டை எத்தனை தடவை பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆளைக் கேட்டால்தான் தெரியும். நான் கேட்கவில்லை.

எழுதியதை அழித்துவிட்டு, கால்சியம் பார்க்க ரத்தம் எடுத்தேன். எக்கச்சக்கமாக இருந்தது. கழுத்தில் பெருத்திருந்த சுரப்பியை எடுத்தார்கள். கால் தப்பியது.

அடுத்த நடவு முடிந்து அக்கா நடந்தே வந்து, ஒரு முழ வாழைத்தண்டை என் மேசையில் வைத்தார்.

“நீங்க போட்ட ஊசிலதான் சரியாப்போச்சு.”

யார் தப்பாகச் சொன்னாலும் உடனே திருத்துகிறவள் நான். அன்று திருத்தாமல் தண்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் தண்டை நறுக்கி, நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுக்கும்போது அழுகை வந்துவிட்டது. பத்தியம் கேட்காமல் அவர் பஸ் ஏறியிருந்தால், அந்தக் காலை நான்தான் எடுத்திருப்பேன்.