சவேரியம்மாளுக்கு அடித்த சின்ன மணி

ஆவரங்கண்மாய் மாதா கோவிலில் மணிகள் இரண்டு. பெரிய மணி பூசைக்கும் திருவிழாவுக்கும் மேலத்தெருச் சாவுக்கும். சின்ன மணி கீழத்தெருச் சாவுக்கு மட்டும். ஏன் இப்படி என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. கேட்கக் கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். கல்லலில் ரயிலை விட்டு இறங்கி வருகிற புதுச் சாமியார் ஒவ்வொருவரும் வந்த சூட்டில் இதை மாற்றியே தீருவேன் என்பார். அவர் மணியை மாற்றுவதற்குள் மேலத்தெரு அவரை வேறு ஊர்ப் பங்குக்கு மாற்றிவிடும்.

கேட்கக் கூடாததைக் கேட்ட பிள்ளை ஒருத்தி உண்டு. கோவிலில் அவள் பெயர் அமலோற்பவம். பள்ளிக்கூடத்தில் யோகலட்சுமி. தாத்தாவைப் புதைக்க எடுத்துப் போன அன்று, சின்ன மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே சாமியாரின் அங்கியைப் பிடித்து இழுத்து, "மோட்சத்துல வாசலும் ரெண்டா சாமி?" என்றாள். பாவாடை சட்டை போட்டிருந்த வயது. சாமியார் அவள் தலையில் கைவைத்து, "பொறும்மா, எல்லாம் மாறும்" என்றார். இப்போது அவளுக்குத் தலை நரைத்துவிட்டது, மாதம் தவறாமல் சாயம் பூசுகிறாள். மணி அப்படியேதான் இருக்கிறது.

ஒரு பிள்ளைக்கு எதற்கு இரண்டு பெயர் என்றால், அது சர்க்கார் செய்த கூத்து. பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவராக இருந்தால் படிப்பிலும் வேலையிலும் பட்டியல் சாதிக்கு உள்ள ஒதுக்கீடு கிடையாது. கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்ததும் சாதி போய்விடுகிறது என்று சட்டம் நம்புகிறது. சட்டம் எழுதியவர்களை ஒரு நாள் ஆவரங்கண்மாய்க் கல்லறைக்குக் கூட்டிவந்து காட்ட வேண்டும். நடுவில் வேலி போட்டு அங்குட்டு மேலத்தெரு, இங்குட்டு கீழத்தெரு என்று செத்த பிறகும் ஒதுங்கிப் படுத்திருக்கிறார்கள்.

அதனால் யோகலட்சுமியின் தாய் சவேரியம்மாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது இந்துப் பெயரைக் கொடுத்தாள். தங்கச்சி லூர்தம்மா, "பாவமில்லையாக்கா?" என்று கேட்டதற்கு, "மாதா கோவிச்சுக்க மாட்டா. அவளும் பிள்ளையக் காப்பாத்த ஊரை விட்டு ஓடுனவதான" என்றாள்.

சவேரியம்மாளுக்குப் பேச்சில் குறைச்சலே கிடையாது. களை வெட்டப் போன இடத்தில் கைநீட்டித் தண்ணீர் வாங்கிக் குடித்த வம்சம் அது. பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு கன்னியாஸ்திரி அவளைக் கூப்பிட்டு, தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, அ, ஆ சொல்லிக்கொடுத்தாளாம். அதற்கு முன் அவள் வீட்டில் யாரும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு நிமிர்ந்த முதுகு பிறகு வளையவே இல்லை. மேலத்தெரு வழியாகச் செருப்புப் போட்டுக்கொண்டு போனவள் கீழத்தெருவில் அவள்தான் முதல். யாரோ முறைத்ததற்கு, "கோவில்ல ஒரே அப்பத்தத்தான நாக்குல வாங்குறோம், செருப்பு மட்டும் உறுத்துதாக்கும்" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

"என்னைய நிமித்தி உக்காரவச்சது அவருதான்டி" என்று சுவரில் சிலுவையில் அறைந்தபடி தொங்கும் சேசுவின் பாடுபட்ட சுரூபத்தைக் காட்டுவாள்.

"அப்ப சின்ன மணி அடிக்கச் சொன்னது யாரு?" என்பாள் மகள்.

"மணிக்கயிறு மனுஷன் கையிலல்ல இருக்கு. அவரு கையத்தான் ஆணி வச்சு அடிச்சுப்புட்டாகளே, அவரு என்ன செய்வாரு."



யோகலட்சுமி நர்ஸ் படிப்பு முடித்தாள், பட்டியல் இடத்தில் அரசு வேலைக்குப் போனாள். ஒக்கூர்ப் பக்கத்துக் கொத்தனார் அழகுராஜாவைக் கட்டினாள். அவர் இந்து. பெண்டாட்டி கோவிலுக்குப் போவதையும் தடுக்கவில்லை, தானும் கூடப் போகவில்லை. பஸ் ரோட்டை ஒட்டித் தன் கையாலேயே ஒரு மச்சு வீடு கட்டிக்கொடுத்துவிட்டு, கொரோனா வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். மகள் சிவரஞ்சனி மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் இப்போது சவேரியம்மாளும் அவளும்தான். யோகலட்சுமி தினமும் பொட்டு வைத்துக்கொண்டு காரைக்குடிக்கு டூட்டிக்குப் போவாள், ஞாயிற்றுக்கிழமை பொட்டை அழித்துவிட்டுப் பூசைக்குப் போவாள். கீழத்தெருவில் பாதிப்பேர் பிழைப்பு இப்படித்தான். யாரும் யாரையும் கேட்பதில்லை.

போன பெரிய வெள்ளிக்கிழமை அவள் சிலுவையை முத்தமிட்டபோது யாரோ செல்போனில் படம் எடுத்துவிட்டார்கள். படம் புகாரோடு மேலிடத்துக்குப் போயிருந்தது. கிறிஸ்தவப் பெண் இந்து என்று சொல்லி வேலை வாங்கியிருக்கிறாள் என்று. எடுத்தது யாரென்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்து மட்டும் என்ன ஆகப்போகிறது? அதிகாரி வீட்டுக்கு நேரில் வந்து விசாரிப்பார் என்று தகவல் வந்தது. விசாரணையில் தோற்றால் வேலை போகும், வேலை போனால் சிவரஞ்சனியின் படிப்பு பாதியில் நிற்கும்.

அந்த நேரம் பார்த்துச் சவேரியம்மாள் படுக்கையில் கிடந்தாள். இருதய வீக்கம். இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. விஷயத்தைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து சுரூபத்தைச் சுவரிலிருந்து கழற்றச் சொன்னாள். ஜெபமாலையையும் நாலு சேலையையும் பைக்குள் திணித்தாள்.

"நான் லூர்து வீட்டுல கெடந்துக்கிறேன். நான் இங்குட்டு இருந்தா அந்த ஆளு என் கழுத்துச் சிலுவையப் பாப்பான். அம்மா எங்கனு கேட்டா செத்துப்போச்சுனு சொல்லிரு."

"வாயக் கழுவும்மா."

"இன்னைக்கோ நாளைக்கோ போகப்போறவதான அமலி. கொஞ்சம் முந்திச் சொல்ற, அம்புட்டுத்தான்." மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு சிரித்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீ சின்னப்பிள்ளையில கேட்டியே, வாசல் ரெண்டானு. நான் போறப்பப் பெரிய மணிய அடிக்கச் சொல்லிக் கேளுடி. நீ நர்ஸு, கவுர்மெண்டு உத்தியோகம். நீ நிமிந்து நின்னு கேட்டா சாமியாரு தட்ட மாட்டாரு."

கேட்கிறேன் என்று யோகலட்சுமி தாயின் கையைப் பிடித்துச் சொன்னாள். கோவில் படியே மிதிக்க முடியாதவள் எந்த முகத்தோடு போய்க் கேட்பாள் என்பது அந்த நேரத்தில் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அதிகாரி வருகிற அன்று காலை, யோகலட்சுமி கண்மாய்க் கரை வழியாகச் சுற்றிக்கொண்டு லூர்தம்மா வீட்டுக்குப் போனாள். முந்தின நாளே சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நாடி பிடித்துப் பார்த்தாள். எத்தனை கட்டிலோரம் நின்றவள், அவளுக்குத் தெரியாதா? அம்மாவுக்கு இன்றைய பொழுது தாண்டாது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சவேரியம்மாளுக்குப் பேச்சு நின்றிருந்தது. கையை மட்டும் தூக்கி, போ போ என்று விரட்டினாள். லூர்தம்மாவும் அவளைத் தூக்கி நிறுத்தி, "போ தாயி. இம்புட்டுப் பாடுபட்டதும் வீணாப் போயிரும். நான் இருக்கேன்ல" என்று வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதிகாரி நல்ல மனிதர். அதுதான் இன்னும் கொடுமை. கூடவே கிராம நிர்வாக அலுவலர் வந்திருந்தார், அவரும் வெளியூர்க்காரர். சுரூபம் இருந்த இடத்தில் சுவர் வெளுத்துத் தெரிந்ததால் யோகலட்சுமி அங்கே முருகன் காலண்டரை மாட்டியிருந்தாள். அதிகாரி அதைப் பார்த்தார், அவள் நெற்றியைப் பார்த்தார். செல்போன் படத்தைப் பற்றிக் கேட்டார். சிநேகிதி கூப்பிட்டாள் என்று வேடிக்கை பார்க்கப் போனதாகச் சொன்னாள். எல்லாக் கோவிலுக்கும் போகிற பழக்கம்தான் சார் என்றாள்.

"அம்மா இருக்காங்களா?"

"இல்ல சார். தவறிட்டாங்க."

"எப்போ?"

"ரொம்ப வருஷமாச்சு சார்."

சொல்லி வாய் மூடவில்லை, சின்ன மணி அடித்தது. ஒரு அடி, நிதானித்து இன்னொரு அடி. கீழத்தெருவில் சாகக் கிடந்தது ஒரே ஒரு உயிர்தான்.

துக்க மணி கேட்டால் நெற்றியும் நெஞ்சும் தோளும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்ள வேண்டும். பால்குடி மறக்கும் முன்பே பழக்கிவிடுகிற பழக்கம் அது, யோசித்துச் செய்வதில்லை. அவளுடைய வலது கை தானாக மேலே போனது. விரல் நெற்றியில் பட்டபோதுதான் உணர்வு வந்தது. கையை அங்கேயே நிறுத்தி, கழன்று விழப்போகிற பொட்டை ஒட்டுகிறவள் மாதிரி அழுத்திக்கொண்டாள். நெஞ்சுக்கு வரவேண்டிய கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"யாரோ போயிட்டாங்க போல. தெரிஞ்சவங்களா?" என்றார் அதிகாரி.

"கீழத்தெருவுல யாரோ சார்."

"போகணும்னா போயிட்டு வாங்கம்மா. நாங்க இருக்கோம், அவசரமில்ல."

அவர் மனசாரத்தான் சொன்னார். யோகலட்சுமிக்கு எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. அம்மா என்று கத்திக்கொண்டே ரோட்டில் ஓடி அந்தக் கட்டிலில் விழ வேண்டும், வேலை நாசமாய்ப் போகட்டும் என்றிருந்தது. சிவரஞ்சனி கண்முன் வந்தாள். போ போ என்று விரட்டிய கையும் வந்தது.

"இல்ல சார். அவுகளுக்கும் நமக்கும் போக்குவரத்து கிடையாது" என்றாள்.

டீ போடுவதாகச் சொல்லி அடுப்படிக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதாள். சீடர் இராயப்பர் பிடிபட்ட சேசுவைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே போய் அழுததைக் கோவிலில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அவருக்காவது வெளியே போக முடிந்தது. இவள் பால் பொங்குவதைப் பார்த்து அடுப்பை அணைத்தாள், முகம் கழுவினாள், சீனி போட்டுக் கலக்கி எடுத்துப் போனாள். அதிகாரி டீயைக் குடித்துவிட்டு, "பயப்படாதீங்க, நான் சரியா எழுதிடறேன்" என்று சொல்லிப் போனார்.

வேலை தங்கியது.

சாயங்காலம் அடக்கம். கிராம அலுவலர் இன்னும் ஊரில்தான் சுற்றிக்கொண்டிருந்தார். கல்லறையில் வேலிக்கு அந்தப் பக்கம் மேலத்தெரு ஆட்களும் சிலர் நின்றார்கள். படம் எடுத்த கை அவர்களில் எவனுடையதோ? யோகலட்சுமி கீழத்தெருப் பெண்களுக்குப் பின்னால், பொட்டோடு, அக்கம்பக்கத்து மனுஷி மாதிரி நின்றாள். சாமியார் சின்ன வயசுக்காரர், ஊருக்கு வந்து மாதம்கூட ஆகவில்லை. தீர்த்தம் தெளித்துக் குழியை மந்திரித்து முடித்துவிட்டு, "பிள்ளைங்க முன்னால வந்து மண்ணு போடுங்க" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. கீழத்தெரு முழுக்கத் தரையைப் பார்த்தது. ஒரு கண்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. அவளைக் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான்.

"பிள்ளைக யாருமில்ல சாமி" என்றாள் லூர்தம்மா. பின்வரிசையைக் கைகாட்டினாள். "அந்தா நிக்கிறாக பாருங்க நர்ஸம்மா, அவுகதான் கடைசிவரைக்கும் வந்து ஊசி போட்டவுக. அவுக போடட்டும்."

கூட்டம் விலகி வழிவிட்டது. யோகலட்சுமி குனிந்து மண் அள்ளினாள். பெட்டியின் மேல் போட்டாள். அழக் கூடாது. நர்ஸ் எந்த நோயாளிக்கு அழுவாள்?

சாமியாருக்கு மனம் நிறைந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "பாருங்க, வேற மதத்து அம்மா, பெத்த மக மாதிரி வந்து மண்ணு போடுறாங்க. இதுதாங்க சமத்துவம்."

ஆமென் என்று யாரோ வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்கள்.

கோவில் வேலை பார்க்கிற கோவில்பிள்ளை மணியடிக்கக் கிளம்பினார். யோகலட்சுமிக்கு வாக்கு ஞாபகம் வந்தது. அங்கியைப் பிடித்து இழுக்கவில்லை. கை கட்டிக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டாள்.

"சாமி, இவுகளுக்குப் பெரிய மணி அடிக்கச் சொல்லுங்க."

சாமியார் அவளைப் பரிவாகப் பார்த்தார். "உங்க மனசு புரியுதும்மா. நானும் வந்ததும் அதத்தான் நெனச்சேன். ஆனா அது எங்க பங்கு மக்கள் கேக்க வேண்டிய விஷயம். வெளிய இருந்து நீங்க கேட்டு நான் செஞ்சா வம்பாயிடும்."

லூர்தம்மா வாய் திறந்தாள். யோகலட்சுமி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

கோவில் பக்கமிருந்து சின்ன மணி அடிக்க ஆரம்பித்தது. சுற்றி நின்ற எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவள் மட்டும் கைகூப்பி, இந்துக்கள் கும்பிடுகிற மாதிரி கும்பிட்டாள். உள்ளங்கைகளுக்கு நடுவில் கொஞ்சம் மண் மிச்சமிருந்தது. அதை வீடுவரைக்கும் கொண்டுபோனாள்.