பதினைந்து கிலோ பொரி

போன வாரம் சரவணம்பட்டி சூப்பர் மார்க்கெட்டில் பொரி பாக்கெட்டைக் கையில் எடுத்தேன். இருநூறு கிராம் என்று போட்டிருந்தது. சின்னத் தலையணை மாதிரி இருந்தது. தனியாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். விஷயம் தெரிந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

தொண்ணூறுகளில் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஆனால் ஒரு கணக்குத் தெரியும். ஒரு படி என்றால் ஒன்றரை கிலோ. ஊரில் அம்மா அரிசியைப் படியில் அளப்பாள். இங்கே ரேஷன் கடையில் கிலோவில் போடுவார்கள். அதில் கற்றது. யாராவது "ஆறு படின்னா எத்தனை..." என்று ஆரம்பித்தால், முடிப்பதற்குள் சொல்லிவிடுவேன். அந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பெரிய ஆள் மாதிரித் திரிந்தேன்.

எனக்குப் பெண் பார்த்த தரகரும் அதையே பிடித்துக்கொண்டார். "படிப்பு கம்மிங்க. ஆனா கணக்குல பையன் கெட்டிங்க." படிப்பைக் கேட்டே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவது பெருந்துறைப் பக்கம். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. அவள் அப்பா, மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றார். ஆயுத பூஜைக்கு வரச் சொன்னோம். அன்றைக்குத்தான் பட்டறை சுத்தமாக இருக்கும்.

பூஜையன்று காலை ஓனர், "பத்துப் படி பொரி சொல்லிப்போட்டு வா" என்று அனுப்பினார். டவுனில் ஒரு பாய் கடை. சில்லறைக்குப் படி, மொத்தத்துக்கு எடை. நான் கெட்டிக்காரன், மொத்தமாகவே கேட்டேன். "பதினஞ்சு கிலோ போடுங்க பாய்."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, கல்யாணமுங்களா?"

"இன்னும் முடிவாகலீங்க" என்றேன். எனக்கு அந்த நினைப்பு.

வண்டியில் அனுப்பச் சொல்லிவிட்டு வாழைக்கன்று வாங்கப் போனேன்.

திரும்பினால் பெண்ணின் அப்பா தரகரோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் வாடை போகச் சாம்பிராணி போட்டிருந்தார்கள். என் பின்னாலேயே வண்டி வந்தது. ஆள் உயர மூட்டைகள். ஒன்று இறங்கியது. இன்னொன்று. லேத் மறைந்தது. அப்புறம் சாமி படம் மறைந்தது.

"என்னப்பா இது?" ஓனர் கத்தினார்.

"படிக்கு ஒண்ணரை கிலோங்க. பத்துப் படிக்கு..."

"அட, அது அரிசிக்கப்பா!"

பட்டறையே சிரித்தது. தரகர் செருப்பைத் தேடினார். பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து ஒரு மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார்.

"தப்புத்தானுங்க" என்றேன். இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

"தப்புனாலும் அதிகமாத்தான் தப்பியிருக்குது" என்றார். "எம்புள்ள பட்டினி கெடக்காது. ஒரு மூட்டைய பஸ்ஸுல ஏத்தி உடுங்க மாப்ள. ஊட்டுல அம்மணி பொரின்னா நல்லாத் திங்கும்."

அதுவரை தம்பி என்றுதான் கூப்பிட்டார்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பாய் கடை இல்லை. மாமனாரும் இல்லை. பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிராம், விலை, தேதி, எல்லாம் அச்சடித்திருக்கிறது. தப்பாக வாங்க வழியே இல்லை.

வீட்டில் அந்த அம்மணி ஒன்று போதும் என்று சொல்லியிருந்தாள். நான்கு எடுத்துக்கொண்டேன்.