பலகாரத் தட்டோடு வந்த அக்காமார்

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பொறியியல் படிக்க எனக்கு இடம் கிடைத்தது. எங்கள் வீடோ தூரத்தில், கெல்சென்கிர்ச்சனில். அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"குமர்ப்பிள்ளை தனிய இருக்க ஏலாது."

எனக்கு வந்த கோபத்தில் அவருடைய தேத்தண்ணீருக்குச் சீனியே போடவில்லை. மனிதர் அதையும் பேசாமல் குடித்துத் தொலைத்தார்.

ஸ்டுட்கார்ட்டில் தமிழ் மாணவியர் சங்கம் ஒன்று இருந்தது. சங்கம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு வாடகை வீடு, அதில் சில அக்காமார், ஒரு பெரிய சோற்றுப் பானை, அவ்வளவுதான். அதைத் தொடங்கிய அக்காவையும் வீட்டில் விடவில்லையாம். தோழிகள் சேலை உடுத்து, பலகாரத் தட்டோடு போய், முறையாகக் கேட்டுக் கூட்டி வந்தார்களாம். அன்றிலிருந்து, விடமாட்டோம் என்று நிற்கும் வீடுகளுக்கெல்லாம் தட்டுப் போகும்.

நான் ஃபோனில் சொல்ல, எங்கள் வீட்டுக்கும் வந்தது. சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்டபடி அக்காமார் வரிசையாகப் படியேறி வந்தார்கள். தட்டோடு வந்தவர்களை வாசலில் நிறுத்த அப்பாவுக்கு மனம் வரவில்லை.

"காய்ச்சல் எண்டால் ஆர் பார்ப்பினம்?" என்று கேட்டார்.

"நாங்கள் பார்ப்பம், அங்கிள்" என்றார் மூத்த அக்கா.

"யோசிச்சுச் சொல்லுறன்."

எங்கள் வீட்டில் அதற்கு 'இல்லை' என்றுதான் அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து மேல்மாடி அன்ரி மணியடித்தார். படிக்கட்டில் சேலைகளைக் கண்டால் அவருக்கு இருப்புக்கொள்ளுமா?

"என்ன அண்ணை, சொல்லாமல் கொள்ளாமல் மகளுக்குக் கலியாணம் முற்றாக்கிப் போட்டியளே? மாப்பிள்ளை என்ன செய்யிறார்?"

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மாப்பிள்ளையும் இல்லை, ஒருத்தரும் இல்லை! என்ரை பிள்ளை எஞ்சினியருக்குப் படிக்க ஸ்டுட்கார்ட் போறாள். அக்காமார் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கினம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. அன்ரியின் காதில் விழுந்ததை இனி யார் திருப்பி எடுப்பது? அம்மா சட்டென்று தட்டிலிருந்து பயற்றம் பணியாரத்தை எடுத்து அன்ரியின் கையில் வைத்து, விசயத்தை முடித்துவிட்டார்.

சங்கம் இன்றும் இருக்கிறது. சென்னைப் பிள்ளைகளும் சேர்ந்ததில் பானையில் சாம்பாரும் கொதிக்கிறது. தட்டு மட்டும் மாறவில்லை. போன கிழமை நாங்கள் தட்டோடு ஒரு வீட்டுக்குப் போகும்போது அப்பாவும் தானாகவே கூட வந்தார். அந்த வீட்டுத் தகப்பன் தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றார்.

அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நானும் இப்பிடித்தான் சொன்னனான். யோசியாதேங்கோ, அனுப்புங்கோ."