மூன்றாம் மாடிக்கு அக்கா வரவில்லை

பக்கவாதம் வந்த பிறகும் அக்காவால் வலது கையை உயர்த்த முடிந்தது. விரல்கள்தான் எதையும் பற்றிப் பிடிக்க மறுத்தன. இடது தோளில் பழைய முறிவு, அந்தக் கை தலை வரை எட்டாது. கண்டியில் காலமெல்லாம் கணிதம் படிப்பித்தவள். நான் ஊட்டிவிடுவதைப் பொறுத்துக்கொண்டாள். தலைவாரிவிடுவதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

நகரத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் த்ரீடி பிரிண்டர் வைத்து, ஒன்றும் தெரியாதவர்களுக்கும் சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கோப்புகளோடு வேலை செய்து ஓய்வுபெற்ற எனக்கு உள்ளே நுழையவே கூச்சமாக இருந்தது. சொல்லிக்கொடுத்தவர் கம்பளையிலிருந்து வரும் ஒரு இளம் முஸ்லிம் பெண். கணினித் திரையில் முதலில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம் மட்டும் வரையச் சொன்னார். வரைந்தேன். இடையில் உள்ளதை உயர்த்தினால் வளையம், அவ்வளவுதான் என்றார்.

வீட்டில் என் மடிக்கணினியில் அதை அக்காவுக்குக் காட்டினேன். மறுநாள் காலை மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உள்ளங்கையை நுழைக்கும் வளையம், அதிலிருந்து சாய்ந்து போகும் சீப்பு: எல்லாவற்றையும் இடது கையால் அவளே வரைந்தாள். நான் மடிக்கணினியைச் சுமந்துபோய் அச்சடித்து வந்தேன். முதலாவது உடைந்தது. சாய்வை மாற்றினாள். இரண்டாவதை வலது கையில் மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு முன் நீண்ட நேரம், தானே தலைவாரினாள்.

பிறகு கேட்டாள், "அது எப்பிடி அடுக்கடுக்கா எழும்புது எண்டு நான் ஒருக்கா பாக்கோணும்."

லிப்ட் இல்லாத கட்டடம், அக்காவால் படியேற முடியாது. கைபேசியில் எடுத்த காணொளியைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இது காணாது, நேரில பாக்கோணும்" என்றாள். நான் போய்ச் சொன்னதும் அந்தப் பெண் மேலிடத்தில் பேசினார். எல்லாரும் வரலாமென்று பலகை போட்டுவிட்டு இவ்வளவு படி வைத்திருக்கிறோமே என்று என்னிடம் வருந்தினார். கீழ்த்தளத்தில் ஓர் அறை கிடைக்கப் பல மாதங்கள் ஆயின. கிடைத்ததும் அவரே அழைத்தார்: "டீச்சரைக் கூட்டிட்டு வாங்க. மெஷின கீழ கொண்டு வந்துட்டோம்."

அக்காவின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் சடங்கு, முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. இரண்டாவது முறை வந்த பக்கவாதம் அவளை ஒரே இரவில் கொண்டுபோய்விட்டது. போனில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஓம், வாறன்" என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை தனியாகவே போனேன். கெலிஓயாவிலிருந்து சக்கர நாற்காலியில் ஒருவர் வந்திருந்தார். இயந்திரத்துக்கு மிக அருகில் முகத்தை வைத்து, அது அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோசப்பட வேண்டிய காட்சிதான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.