கடற்பன்றியின் மூச்சு

பல்கலைக்கழக விரிவுரை மண்டபத் திரையில் பனியுகத்து மம்மூத் யானை நின்றது. வெப்பம் கூடிப் புல் அழிந்ததால் அதுவும் அழிந்தது என்கிறார்கள் சிலர். மனிதர் வேட்டையாடித் தீர்த்தார்கள் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி என்று கேட்டுவிட்டு, விரிவுரையாளர் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பெருமூச்சு விட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். எந்தக் கேள்விக்கும் முதலில் உயர்வது என் கைதான். அந்த மூச்சைக் கேட்டதும் கை எழவில்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை. மன்னார்க் கரையில் இருந்த எங்கள் வீட்டுக்கு அப்பா, கடற்புல் மேய்ந்து குட்டிக்குப் பால் கொடுக்கும் விலங்கான கடற்பன்றி ஒன்றை இழுத்து வந்தார்.

"இண்டைக்கு இறைச்சி கூடாதெல்லே?" என்றார் அம்மா.

"கடலில கிடக்கிறதெல்லாம் மீன்தானப்பா. பங்குச் சுவாமி வந்து சட்டியைத் திறந்தா பாக்கப்போறார்?" என்றார் அப்பா.

அம்மா வெட்டினார். கத்தியோடு பால் வந்து மணலில் ஓடியது. அம்மா கத்தியைப் போட்டுவிட்டுச் சிலுவை அடையாளம் இட்டார். மிச்சத்தை அப்பா வெட்டினார். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்று மாலை, கரையோரத் தண்ணீரில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டது. மூச்செடுக்க நீருக்கு மேலே வந்த குட்டிதான் அது; தாயைத் தேடி வந்திருந்தது. மறுநாளும் கேட்கவே, அப்பா கடற்பக்க யன்னலை ஆணியடித்து மூடினார். மூன்றாம் நாள் சத்தம் இல்லை.

அதன்பிறகு எங்கள் கரைக்குக் கடற்பன்றி வரவேயில்லை.

"தண்ணி சூடாப்போச்சு, கடற்புல்லு கருகிப்போச்சு. அதுதான் வாறேல்லை," என்று அப்பா கேளாதவர்களுக்கும் சொல்வார்.

அப்பா சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதை அவரைவிட நன்றாக என்னால் எழுத முடியும். ஆனால் அந்த யன்னலின் ஆணிகளை அவர் இன்னும் பிடுங்கவில்லை.