திரு போட்ட உறை

என் பெயருக்கு முன்னால் 'திரு' போட்டு எழுதிய முதல் காகிதம் ஒரு பழுப்பு உறை. உள்ளே என் முதல் மாதச் சம்பளம் இருந்தது. வாயை ஒட்டி, மேலே என் பெயர், அதன் கீழே மாதத்தின் பெயர், மூலையில் கம்பெனியின் ரப்பர் ஸ்டாம்பு. ஸ்டாம்பு கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது. அதைக்கூட நான் மறக்கவில்லை.

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் மாதச் சம்பளம் வாங்கியதில்லை. அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். நெல் அறுத்தால் நெல், கடலை பறித்தால் கடலை. சாயங்காலம் மரக்காலில் அளந்து போடுவதை அப்பா துண்டிலும் அம்மா முந்தானையிலும் ஏந்தி வாங்குவார்கள். அந்த வீட்டிலிருந்து முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு ஒன்றரை வருடம் சும்மா இருந்தேன். பெரம்பலூரில் புதிதாகச் சாக்பீஸ் கம்பெனி ஆரம்பிக்கிறார்கள், எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

கம்பெனி என்றால் அரியலூர் ரோட்டில் ஒரு பழைய கடலை குடோன். ஆரம்பித்தவருக்கு முப்பது வயதிருக்கும். திருச்சியில் பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டு, மனைவியின் நகைகளை அடகு வைத்து வந்தவர். முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. சார் என்றால் போதும்.

"நம்ம மண்ணுலயே ஜிப்சம் கெடக்குது தம்பி. அதை லாரியில ஏத்தி வெளியூருக்கு அனுப்பிட்டு, அவன்கிட்டயே சாக்பீஸா திருப்பி வாங்குறோம். இது என்ன ஞாயம்?" என்றார் முதல் நாள்.

எனக்கு அந்தக் கேள்வியே ஒரு உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது.

ஜிப்சத்தை வறுத்து, இடித்து, சலித்து மாவாக்கித் தண்ணீரில் கரைத்து அச்சில் ஊற்ற வேண்டும். இறுகியதும் அச்சைப் பிரித்துக் குச்சிகளை எடுத்துத் தட்டில் பரப்பி வெயிலில் வைக்க வேண்டும். ஊற்றுகிற வேலை பாடாலூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு அக்காவுடையது. நான் கணக்கு எழுதுவேன், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஆர்டர் பிடிப்பேன். எனக்கென்று ஒரு மேசையும் நாற்காலியும் இருந்தன. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அடியில் உடைந்த ஓடு ஒன்றை வைத்திருந்தேன்.

முதல் இரண்டு உறைகள் வந்தபோது அப்பா ஊரில் இல்லை. தை அறுப்புக்கு ஆட்களோடு கும்பகோணம் பக்கம் போயிருந்தார். உறையை அம்மா கையில் கொடுத்தேன். அவள் பணத்தை எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். உறையை அடுப்பில் போட்டாள். இரண்டையும்தான்.

மாசியில் அப்பா திரும்பினார். மூட்டை நெல்லை இறக்கிவைத்த கையோடு கேட்டார்.

"சம்பளத்தை எண்ணி உள்ள போட்டு ஒட்டியே குடுக்குறாங்களாமே, நெசமா?"

"ஆமாப்பா. மேல பேரு எழுதியிருக்கும். திரு போட்டு."

"திருன்னா?"

"மரியாதைக்குப் போடுறது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "அதை எங்கடி? எடு, பாப்போம்."

"வெறும் காயிதந்தானேன்னு எரிச்சுட்டேன்" என்றாள் அம்மா.

அப்பா கத்தவில்லை. அடுப்பைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி விடு. வர்ற ஒண்ணாந்தேதி நான் வூட்டுலதான் இருப்பேன். என் கையில குடு" என்றார்.

அந்த ஒன்றாம் தேதியிலிருந்துதான் சம்பளம் நின்றது.

காரணம் எனக்குத் தெரியும், கணக்கு எழுதுகிறவன் நான்தானே. பள்ளிக்கூடங்கள் சாக்பீஸை வாங்கிக்கொண்டன. பில் மட்டும் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் சார் என்னையும் அக்காவையும் கூப்பிட்டார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் தட்டில் காய்ந்த சாக்பீஸை வரிசை பண்ணிக்கொண்டே பேசினார்.

"இந்த மாசம் மட்டும் பெட்டியா எடுத்துக்கங்க. வித்து வச்சுக்கங்க. அடுத்த மாசம் சேத்துக் குடுத்துடறேன்."

நான் கோணிப்பையில் சாக்பீஸ் பெட்டிகளோடு வீட்டுக்குப் போனேன். அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. முகச்சவரம் செய்து, தோய்த்த வேட்டி கட்டி, வாசலில் நின்றுகொண்டிருந்தார். பையை இறக்கினேன். அவர் ஒரு பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தார். விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தார்.

"எங்களுக்காச்சும் நெல்லு. பொங்கித் திங்கலாம்" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்கப்புறம் சாக்பீஸை வைத்தே காலம் தள்ளக் கற்றுக்கொண்டேன். ஜெயங்கொண்டத்தில் முந்திரி மண்டிக்காரர்கள் மூட்டையில் எண் போட வாங்கினார்கள். விலைப் பலகை எழுத டீக்கடைக்காரர் வாங்கினார். எங்கள் பஸ் கண்டக்டர் தன் பிள்ளைகளுக்கென்று இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு ஒரு வாரம் என்னிடம் டிக்கெட் கேட்கவில்லை. அக்கா இன்னும் கெட்டிக்காரி. உடைந்த குச்சிகளைப் பொடித்துக் கோலமாவு என்று படிக்கணக்கில் விற்றாள்.

"என் சம்பளத்தை ஊரே மிதிச்சுக்கிட்டுப் போவுது தம்பி" என்று சிரிப்பாள்.

அடுத்த ஒன்றாம் தேதியும் அப்பா சவரம் செய்துகொண்டு நின்றார். அதற்கடுத்ததும் அப்படித்தான். நான் உறை இல்லாமல் வருவது தெருமுனையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். "கஞ்சி குடிச்சியா?" என்று மட்டும் கேட்பார்.

மூன்றாம் முறையும் சம்பளம் வராதபோது நான் ராஜினாமா செய்துவிடுவதென்று முடிவு பண்ணினேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஆள் எடுத்தார்கள். சனிக்கிழமை சனிக்கிழமை கூலி. ஆனால் மறுநாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் மனசு மாறிவிட்டது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், பெரிய ஆர்டர் வரும், உறை வரும். அப்பா கையில் ஒரே ஒரு தடவை கொடுத்துவிட்டால் போதும் என்று இருந்தது.

பெரிய ஆர்டர் வந்தது. வரதராஜன்பேட்டை பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றுக்கும் சேர்த்து. அதைக் கெடுத்தவன் நான்தான்.

எங்கள் சாக்பீஸ் எழுதும்போதே ஒடியும். ஜிப்சத்தை வறுக்கும் பக்குவம் எங்களுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. என்னிடம் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. ஆர்டர் பிடிக்கப் போகும் நாளில் அதைச் சோற்றுக் கஞ்சியில் நனைத்து உலர்த்திப் போட்டுக்கொள்வேன். விறைப்பாக நிற்கும். நைந்த துணியே இப்படி நிற்கிறதே, சாக்பீஸ் நிற்காதா என்று தோன்றியது. சாரிடம் சொன்னேன்.

சார் துள்ளிவிட்டார். "இது நமக்கு ஏன் தோணல?" என்றார். அக்கா அன்றே ஒரு பானை கஞ்சி வடித்தாள். கரைசலில் ஊற்றினோம். காய்ந்த குச்சி ஒடியவில்லை. கீழே போட்டுப் பார்த்தோம், அப்படியே உருண்டு ஓடியது. அக்கா ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் உப்புப் போட்டிருக்கலாம்" என்றாள்.

மூன்று பேரும் அப்படிச் சிரித்தோம். கம்பெனியில் நாங்கள் சேர்ந்து சிரித்த கடைசி நாள் அதுதான்.

ஒரு மாதம் கழித்து பில்லுக்குப் போன என்னைத் தலைமையாசிரியர் ஒருவர் அலமாரிக்கு முன்னால் நிறுத்தினார்.

"தம்பி, நீ சாக்பீஸ் கம்பெனியா, மிட்டாய்க் கம்பெனியா?"

அலமாரியைத் திறந்தார். பெட்டிகளில் எறும்பு சாரை சாரையாக ஊர்ந்தது. கரப்பான் அரித்த குச்சிகள் நடுவில் மெலிந்து கிடந்தன. புளித்த வாடை அடித்தது.

"இதாச்சும் பரவால்ல. ரெண்டாங்கிளாஸ் பசங்க பெட்டி பெட்டியாத் தின்னுப்புட்டானுங்க. ஒருத்தன் வாயைத் தொறக்கச் சொன்னா, நாக்கு வெள்ளையா இருக்கு. ஏண்டா தின்னேன்னா, சோறு மாதிரி இருக்கு சார்ங்கறான்."

அந்தப் பையன்களில் யாரையும் நான் பார்க்கவில்லை. ஆனால் காலையில் எதுவும் சாப்பிடாமல் முதல் பீரியடில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் சிலேட்டுக் குச்சி தின்றவன்தான். கஞ்சி ஊற்றும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லையே என்று அன்று முழுக்கத் தவித்தேன்.

அனுப்பிய பெட்டிகள் எல்லாம் திரும்பி வந்தன. குடோனுக்குள் கால் வைக்க இடமில்லை. யோசனை என்னுடையது என்று சார் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடங்களுக்குப் போன மன்னிப்புக் கடிதத்தில் 'எங்கள் தயாரிப்பில் நேர்ந்த பிழை' என்று என்னைத்தான் எழுதச் சொன்னார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காகத்தான்.

ஆடி முடிவதற்குள் அச்சுகளை விற்றார். குடோன் சாவியைக் கொடுத்துவிட்டார். "உங்க ரெண்டு பேருக்கும் பாக்கி இருக்கு. மறக்க மாட்டேன்" என்றார். அக்கா மிச்சம் கிடந்த குச்சிகளை மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். நான் நாற்காலிக்கு அடியிலிருந்த ஓட்டுத் துண்டை எடுத்து வெளியே போட்டேன்.

சுரங்கத்தில் சேர்ந்தேன். கம்பெனி மூடியதை அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமைக் கூலியைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவர் எண்ணாமல் அம்மாவிடம் நீட்டினார். அப்புறம் குறுவை அறுப்புக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

அவர் போன பத்தாம் நாள் சார் எங்கள் தெருவுக்கு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அம்மா கொடுக்கலாமா என்று தயங்கி என்னைப் பார்த்தாள். அவரே பானைக்குப் பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து மொண்டு குடித்தார். எங்கள் தெருவுக்கு வந்து அப்படிக் கேட்டுக் குடித்த வெளியாளை அம்மா அதற்குமுன் பார்த்ததில்லை.

சட்டைப் பையிலிருந்து பழுப்பு உறையை எடுத்தார்.

"ஒரு மாசத்துக்குத்தான் தம்பி முடிஞ்சுது. அக்காவுக்கும் குடுத்துட்டேன். மிச்சம்..." என்று நிறுத்தினார்.

"இருக்கட்டும் சார்" என்றேன்.

அவர் திரும்பத் திருச்சிக்கே வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னார். ஒல்லியாகி இருந்தார். தெருமுனை வரைக்கும் கூடப் போனேன்.

திரும்பி வந்ததும் அம்மா கை நீட்டினாள். "குடு, பானையில வைக்கிறேன்."

"இதை நான் குடுக்க மாட்டேன்" என்றேன்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அரைநாள் கூலியைப் பஸ்ஸுக்கு எடுத்துக்கொண்டு ஜெயங்கொண்டம் போய் அங்கிருந்து கும்பகோணம் பஸ் ஏறினேன். உறை சட்டைக்குள் இருந்தது. வேர்வை படாமல் இருக்க ஒரு தாளில் சுற்றியிருந்தேன். அணைக்கரைப் பாலத்தில் பஸ் மெதுவாக ஊர்ந்தபோது கீழே கொள்ளிடத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நான் நெஞ்சில் கையை வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊர் ஆட்கள் எந்த வயலில் நிற்கிறார்கள் என்று விசாரித்துப் போய்ச் சேர்வதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. களத்தில் நெல் அளந்துகொண்டிருந்தார்கள். அப்பா வரிசையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பயந்துபோனார்.

"என்னடா? அம்மாவுக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்லப்பா. இது வந்துச்சு."

நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கைகளைப் பார்த்தார், சேறு. துண்டில் துடைத்தார், துண்டும் சேறு. வாய்க்காலில் இறங்கி முழங்கை வரைக்கும் கழுவினார். ஈரம் போகக் காற்றில் உதறினார். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் யாருக்காகவும் காத்து நின்றதில்லை. அப்புறம் இரண்டு கையாலும் வாங்கினார்.

"படி" என்றார்.

விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். திரு என்பதில் விரலை வைத்தபோது, "இதுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஸ்டாம்பு இந்தத் தடவை நேராக விழுந்திருந்தது. பிரிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அடுத்த மாசமும் வருமா?"

பொய் சொல்லலாம் என்றுதான் பஸ்ஸில் நினைத்து வந்தேன். "வராதுப்பா. கம்பெனியை மூடிட்டாங்க."

"அது எனக்குத் தெரியும். சனிக்கெழம சனிக்கெழம எந்த ஆபீஸ்ல குடுக்குறான்?" என்றார். உறையை என் சட்டைக்குள் அவரே திரும்ப வைத்தார். "அம்மாக்கிட்ட காயிதத்தைக் குடுக்காத."

அதற்குள் அவர் முறை வந்தது. துண்டை விரித்துப் போய் ஏந்தினார். நான் பக்கத்தில் நின்றேன். அளக்கிறவரிடம், "எம்மவன். எஸ்.எஸ்.எல்.சி." என்றார். அவர் நிமிர்ந்து பார்க்காமல் மரக்காலைக் கவிழ்த்தார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் சுரங்கத்தில்தான் இருக்கிறேன். சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறேன், இரண்டு தடவை போய்விட்டது. பெரம்பலூர் பஸ் அந்தக் குடோனைத் தாண்டும்போது எட்டிப் பார்ப்பேன். இப்போது அதில் உரம் வைத்திருக்கிறார்கள். தட்டுகள் காயவைத்த வாசல் மட்டும் இன்னும் வெள்ளையாக இருக்கிறது.

அப்பா ஊரில் இருந்தால் ஒன்றாம் தேதி காலையில் முகச்சவரம் செய்துகொள்கிறார். எதற்கென்று நான் கேட்பதில்லை.